அபோஃபிஸ் மோதாது, சரி. அப்புறம் எதற்கு விண்கலங்கள்?

2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. சுமார் 340 மீட்டர் அளவுள்ள ஒரு பாறை அன்று பூமியின் தரைக்கு மேலே ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகும். டிவி ஒளிபரப்புக்கு உதவும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன, அவற்றைவிடவும் கிட்டே வருகிறது என்று அர்த்தம். பாறையின் பெயர் அபோஃபிஸ். எகிப்தியப் புராணத்தில் சூரியக் கடவுளுக்குப் பகையாக வரும் பெரிய பாம்பு ஒன்று உண்டு, அதன் கிரேக்கப் பெயர் இது. பெயரும் இப்படி, தேதியும் வெள்ளி 13 என்று அமைந்துவிட்டதால் இதைப் பற்றி எப்போது செய்தி வந்தாலும் பாதிப் பேர் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் "அதுதான் மோதாதுன்னு நாசாவே சொல்லியாச்சே" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

மோதாது என்பது உண்மைதான். ஆனால் அதே பாறையைத் தேடி அமெரிக்காவின் கலம் ஒன்று ஏற்கெனவே வழியில் இருக்கிறது, ஐரோப்பா இன்னொன்றைத் தயார் செய்கிறது. மோதாத கல்லுக்கு எதற்கு இத்தனை மெனக்கெடல்? சுருக்கமாகச் சொன்னால், அது 2029-இல் எந்த இடத்தில் வரும் என்பது சில கிலோமீட்டர் பிசகாமல் தெரியும், ஆனால் அது உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்பது தெரியாது. விரிவான பதிலுக்குக் கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. சிறுகோள்: சூரியனைச் சுற்றும் பாறைத் துண்டு. கோளாகத் திரளாமல் மிச்சமான பொருள். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இருக்கின்றன.

2. புவியருகு சிறுகோள்: சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரி தூரம் சுமார் 15 கோடி கி.மீ., இதை ஒரு வானியல் அலகு என்பார்கள். எந்தச் சிறுகோளின் பாதை சூரியனுக்கு 1.3 வானியல் அலகை விட நெருங்கி வருகிறதோ அதற்கு இந்தப் பெயர். கவனியுங்கள், இந்த வரையறையில் பூமியிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கே இல்லை. "பூமியை நெருங்கும் சிறுகோள்" என்ற தலைப்புகளில் பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

3. ஆபத்து வாய்ப்புள்ள சிறுகோள்: பாதை பூமியின் பாதைக்கு சுமார் 75 லட்சம் கி.மீ.க்குள் வர வேண்டும், அளவு ஏறத்தாழ 140 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் பட்டியலில் சேர்ப்பார்கள். "இதைக் கண்காணித்துக்கொண்டே இருங்கள்" என்று ஒட்டும் சீட்டு அது, மோதும் என்ற ஆரூடம் கிடையாது. அபோஃபிஸ் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

340 மீட்டர் பாறை ஒன்று உண்மையிலேயே மோதினால் ஒரு பெரும் நிலப்பரப்பே நாசமாகும். டைனோசர்களை முடித்துவைத்தது சுமார் 10 கி.மீ. அளவுள்ளது, அந்த வகைப் பேரழிவு இதனால் வராது. அதற்காக அலட்சியமாக விடவும் முடியாது, 2013-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்தது வெறும் 20 மீட்டர்தான், அதற்கே ஜன்னல் கண்ணாடிகள் சிதறி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள்.

2.7 சதவீதம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது

2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்து ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிசியோ பெர்னார்டி ஆகிய மூவரும் இதை முதலில் பார்த்தார்கள். அடுத்தடுத்துப் பார்க்க முடியாமல் கை நழுவிப் போய், டிசம்பரில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து மறுபடி அகப்பட்டது. பாதையைக் கணக்கிட்டபோது 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று வந்தது. டிசம்பர் 27 அன்று அந்த வாய்ப்பு 2.7 சதவீதம் வரை ஏறியது. மோதல் ஆபத்தை 0 முதல் 10 வரை தரப்படுத்தும் டொரினோ அளவுகோலில் 4-ஆம் படியைத் தொட்ட ஒரே பாறை இதுதான். சுனாமி தாக்கிய வாரம் அது, உலகத்தின் கவனம் முழுக்க அங்கே இருந்தது. அதே 27-ஆம் தேதி, மார்ச் மாதத்தில் எடுத்த பழைய படங்களில் இந்தப் பாறை மங்கலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 2029 மோதல் இல்லை என்றாகிவிட்டது.

"முதலில் வரும் என்றார்கள், பிறகு வராது என்றார்கள், எதை நம்புவது?" என்று பலரும் சலித்துக்கொள்ளும் இடம் இது. இங்கே யாரும் பேச்சை மாற்றவில்லை. இப்படி யோசித்துப் பாருங்கள். மூடிய பெட்டிகள் 100 இருக்கின்றன, ஏதோ ஒன்றில் ஒரு பந்து. அதில் ஒரு பெட்டி உங்களுடையது. பந்து உங்கள் பெட்டியில் இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. இப்போது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மற்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறார், 63 பெட்டிகள் காலி. மிச்சம் 37. உங்கள் வாய்ப்பு இப்போது 37-இல் ஒன்று, அதாவது 2.7 சதவீதம். பந்து இம்மியும் நகரவில்லை, நமக்குத் தெரியாத இடம்தான் சுருங்கியது. அடுத்த பெட்டியைத் திறந்ததும் பந்து அதில் இருக்கிறது, உங்கள் வாய்ப்பு பட்டென்று பூஜ்யம்.

சிறுகோள் கணக்கும் இதே கதைதான். சில நாள் பார்வையை மட்டும் வைத்துக்கொண்டு பல வருடம் தள்ளி எங்கே இருக்கும் என்று கேட்டால், கிடைப்பது நீளமான ஒரு பட்டை, அதற்குள் எங்கோ பாறை. அந்தப் பட்டைக்குள் பூமியும் மாட்டிக்கொண்டிருந்தால், பட்டை சுருங்கச் சுருங்க அதில் பூமியின் பங்கு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் பூமி பட்டைக்கு வெளியே விழுந்ததும் சடாரென்று இறங்கும். 2025-இன் தொடக்கத்தில் 2024 ஒய்ஆர்4 என்ற பாறைக்கு 2032-இல் மோத 3.1 சதவீத வாய்ப்பு என்று செய்தி வந்து, சில நாட்களிலேயே ஒன்றுமில்லாமல் போனது நினைவிருக்கலாம். அங்கேயும் அதே ஏற்ற இறக்கம்தான். அடுத்த முறை இப்படி ஒரு எண் ஏறும்போதும் இதையே எதிர்பார்க்கலாம்.

சாவித் துவாரம் என்ற சங்கடம்

2029 முடிந்தால் பிரச்சினை முடிந்ததா என்றால், அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. பாறை பூமிக்குப் பக்கத்தில் போகும்போது பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைக்கும். இப்போது அபோஃபிஸ் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 324 நாட்கள் எடுத்துக்கொள்கிறது, பூமியைக் கடந்த பிறகு அந்தச் சுற்று ஒரு வருடத்துக்கு மேல் நீண்டுவிடும். எவ்வளவு நீளும் என்பது எத்தனை கிட்டே கடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட இடைவெளி வழியாகப் போனால், பாறை 6 சுற்று முடிக்க மிகச் சரியாக 7 வருடம் ஆகும்படி பாதை அமைந்துவிடும். அப்படி ஆனால் 2036 ஏப்ரல் 13 அன்று பூமியும் பாறையும் ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடைவெளிக்குப் பெயர்தான் சாவித் துவாரம். அகலம் சுமார் 600 மீட்டர். இவ்வளவு பெரிய வெளியில் 600 மீட்டர் ஓட்டை வழியாக ஒரு கல் போகுமா என்று சொல்ல, பாதையை அந்த நுணுக்கத்துக்கு அளக்க வேண்டும்.

அளந்தார்கள். 2013-இல் ரேடார் கணக்குகள் 2036-ஐத் தள்ளுபடி செய்தன. 2068-இல் மோதுமோ என்ற சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது, அது ஏன் பாக்கி என்பது தனிக் கதை.

வெயிலும் ஒரு தள்ளு தள்ளும்

சுழலும் பாறையின் ஒரு பக்கம் வெயிலில் சூடாகிறது. சுழன்று நிழலுக்குப் போன பிறகும் அந்தச் சூடு கொஞ்ச நேரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியேறும் வெப்பக் கதிர் எதிர்ப்பக்கமாக மிக மெல்லிய ஒரு உந்துதலைக் கொடுக்கிறது. யார்கோவ்ஸ்கி விளைவு என்று இதற்குப் பெயர். ஊதினால் படும் காற்றை விடவும் எத்தனையோ மடங்கு சன்னமானது, ஆனால் வருடக்கணக்கில் ஓயாமல் தள்ளுகிறது. அபோஃபிஸ் விஷயத்தில் இதை 2020-இல் தோலன் குழுவினர் அளந்து சொன்னார்கள்: சூரியனிலிருந்து அதன் சராசரி தூரம் வருடத்துக்கு சுமார் 170 மீட்டர் வீதம் குறைந்துகொண்டிருக்கிறது. 600 மீட்டர் ஓட்டைகளைப் பற்றிப் பேசும் இடத்தில் வருடம் 170 மீட்டர் என்பது சின்ன விஷயமா? அதனால்தான் 2068 சந்தேகம் அத்தனை நாள் நீடித்தது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனா ரேடார் அலையை அனுப்ப, கிரீன் பேங்க் ஆன்டெனா எதிரொலியை வாங்க, அந்த அளவீடுகளுக்குப் பிறகு 2068-உம் போனது. இன்னும் 100 வருடங்களுக்காவது மோதல் கிடையாது என்ற அறிவிப்பு அப்போது வந்ததுதான்.

ஆனால் யார்கோவ்ஸ்கி தள்ளு பாறை எப்படிச் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது. 2029-இல் பூமி அந்தச் சுழற்சியையே மாற்றப் போகிறது. ஆகவே 2029-க்குப் பிறகு இந்த அளவைப் புதிதாக எடுத்தாக வேண்டும். பாதுகாப்பு என்ற கோணத்தில் விண்கலம் அனுப்ப முதல் காரணம் இதுவே.

தூரத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியும்?

மிகக் கொஞ்சம். 2021 ரேடார் படத்தில் ஒரு புள்ளி என்பது 38.75 மீட்டர், அதாவது முழுப் பாறையும் ஒரு டஜன் புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. நடுவில் ஒடுங்கிய நிலக்கடலை மாதிரி இருக்கலாம் என்பது அதிலிருந்து கிடைத்த ஊகம். சிலிக்கேட் கலந்த கல் வகை என்று ஒளியின் நிறத்தை வைத்துச் சொல்கிறார்கள். சீராகச் சுழலாமல் தள்ளாடிச் சுழல்கிறது என்பதும் தெரியும். எடை? சில கோடி டன் என்று சொல்லலாம், அதற்கு மேல் துல்லியம் கிடையாது. உள்ளே ஒரே பாளமா, பொடிக்கல் குவியலா என்பதற்குத் தொலைநோக்கியில் பதில் வராது.

கிட்டே போனவர்கள் ஒவ்வொரு முறையும் திகைத்துத்தான் திரும்பியிருக்கிறார்கள். ஜப்பானின் ஹயபுசா கலம் 2005-இல் இடோகாவா என்ற அரை கிலோமீட்டர் பாறையை அடைந்தபோது, அது ஒற்றைக் கல்லே இல்லை, தளர்வாகக் கூடிய கற்குவியல் என்று தெரிந்தது. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலத்தின் கதை இன்னும் சுவாரசியம். பென்னு என்ற பாறையில் மணல் விரித்தது போன்ற சமதளம் இருக்கும் என்று தொலைநோக்கி அளவீடுகளை நம்பித் திட்டம் போட்டார்கள், 2018-இல் போய்ப் பார்த்தால் எங்கும் பாறாங்கற்கள். இறங்க ஒரு நல்ல இடம் தேடவே மாதக்கணக்கானது. 2020 அக்டோபர் 20 அன்று கல் அள்ளுவதற்காக இயந்திரக் கையை நீட்டித் தொட்டபோது தரை கெட்டியாக எதிர்க்கவில்லை, கை சுமார் அரை மீட்டர் உள்ளே போய்விட்டது. உந்துபொறியை இயக்கி மேலே கிளம்பியிராவிட்டால் கலம் அப்படியே புதைந்துகொண்டே போயிருக்கும் என்று பிறகு கணக்கிட்டுச் சொன்னார்கள். அள்ளிய கல்லும் அளவுக்கு அதிகமாகிப் போய், மூடி சரியாக மூடாமல் கொஞ்சம் வெளியே சிந்தியது. 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் இறங்கிய பெட்டியில் 121.6 கிராம் இருந்தது, இலக்கு 60 கிராம்தான்.

இந்தத் தரை விவகாரம் வெறும் ஆர்வத்துக்கானது அல்ல. நாளை நிஜமாகவே ஒரு பாறை வந்தால் அதை விலக்க நம் கையில் சோதித்துப் பார்த்த ஒரே வழி, வேகமாக ஒரு கலத்தைக் கொண்டுபோய் மோதுவது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம், ஒரு பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபோஸ் என்ற சின்ன நிலவு மீது மோதியது, அது அந்தப் பெரிய பாறையைச் சுற்றும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்கும் மேலாகக் குறைந்தது. கலத்தின் மோதல் மட்டும் கொடுத்திருக்கக்கூடிய தள்ளை விட ஏறக்குறைய மூன்றரை மடங்கு தள்ளு கிடைத்தது, காரணம் மோதிய இடத்திலிருந்து சிதறிப் பறந்த கல்லும் தூசும் ராக்கெட் புகை மாதிரி எதிர்ப்பக்கம் உதைத்தன. எவ்வளவு சிதறும் என்பது தரை எவ்வளவு தளர்வு என்பதைப் பொறுத்தது. பாறையின் உள்ளமைப்பு தெரியாமல் எவ்வளவு பெரிய கலத்தால், எவ்வளவு வருடம் முன்னால் இடிக்க வேண்டும் என்று கணக்குப் போட முடியாது.

பூமி அதை என்ன செய்யும்?

கடல் ஏற்ற இறக்கத்துக்குக் காரணமான அதே விசைதான் இங்கேயும். பாறையின் பூமிப் பக்கம் சற்று அதிகமாக இழுபடும், மறுபக்கம் சற்றுக் குறைவாக. 38,000 கி.மீ. தூரத்தில் (பூமியின் மையத்திலிருந்து அளந்தால் இதுதான் தூரம்) அந்த வித்தியாசத்தைத் தோராயமாகக் கணக்கிட்டால் பாறையின் சொந்த ஈர்ப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு வருகிறது. பாறை இரண்டாகப் பிளக்க இது போதாது. ஆனால் சரிவில் விழுவதா வேண்டாமா என்று தொற்றிக்கொண்டிருக்கும் கற்களுக்கு இது போதலாம். அபோஃபிஸின் மேல் ஈர்ப்பு அத்தனை பலவீனம், நொடிக்கு இருபது சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு கல்லை மேலே எறிந்தால் திரும்பி வருவதே சந்தேகம்.

கற்கள் சரிந்தால் அடியிலிருக்கும் புது முகம் வெளியே தெரியும். வெகுகாலம் சூரியக் காற்றில் (சூரியனிலிருந்து பாயும் துகள் வீச்சில்) அடிபட்ட மேற்பரப்பு கருத்துச் சிவந்திருக்கும், புதிதாக வெளிப்பட்டது அப்படி இருக்காது. புவியருகு சிறுகோள்கள் சில மட்டும் ஏன் அத்தனை புதிதாகத் தெரிகின்றன என்ற கேள்விக்கு, பூமிக்குக் கிட்டே போய் உலுக்கப்பட்டவை அவை என்று 2010-இல் ரிச்சர்ட் பின்செல் குழுவினர் ஒரு விளக்கம் சொன்னார்கள். (டொரினோ அளவுகோலை உருவாக்கியவரும் இவரே.) அந்த விளக்கத்தை நேரில் பார்த்துச் சோதிக்க 2029 போல ஒரு வாய்ப்பு இதுவரை வாய்த்ததில்லை. இந்த அளவுப் பாறை இவ்வளவு கிட்டே வருவது சில ஆயிரம் வருடங்களுக்கு ஒருமுறை நடப்பது.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

உலுக்கியதால் என்ன மாறியது என்று சொல்ல உலுக்குவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்ற படம் வேண்டும். இரண்டு கலங்களின் நேரமும் இப்படி அமைந்திருப்பது அதனால்தான் பயனுள்ளதாகிறது.

1. ராம்சீஸ். ஐரோப்பிய விண்வெளி முகமையுடையது, ஜப்பானின் விண்வெளி முகமையான ஜாக்சாவும் கைகொடுக்கிறது. 2028-இல் ஏவி 2029 பிப்ரவரியில் பாறையை அடைய வேண்டும், அதாவது நெருக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால். பாறையோடு கூடவே பூமியைக் கடந்து போகும். நேரம் குறைவு என்பதால், டைமார்ஃபோஸுக்கு 2024 அக்டோபரில் கிளம்பிய ஹீரா கலத்தின் வடிவமைப்பையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே இரண்டு குட்டிக் கலங்களும் போகும். இங்கே தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏவுதல் தள்ளிப்போனால் பாறை காத்திருக்காது.

2. ஒசைரிஸ்-அபெக்ஸ். புதுக் கலம் இல்லை, பென்னுவுக்குப் போய் வந்த அதே ஒசைரிஸ்-ரெக்ஸ். கல் இருந்த பெட்டியைப் பூமியில் போட்டுவிட்டு நிற்காமல் அப்படியே திரும்பிப் போனது. இது பாறையை நெருங்குவது ஏப்ரல் 13-க்குப் பிறகு. அதுவரை சூரியனைச் சுற்றும்போது வெள்ளியின் பாதைக்கும் உள்ளே பலமுறை போய் வர வேண்டும், அந்தச் சூட்டுக்காக வடிவமைத்த கலம் அல்ல இது, சூரியத் தகட்டை மடக்கி நிழல் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். இந்த ஆபத்தை எடுத்தது சரிதான் என்பது என் கணிப்பு, ஏற்கெனவே மேலே இருக்கும் கலத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

அபெக்ஸ் சுமார் 18 மாதம் பாறையோடு இருக்கும். ராம்சீஸ் எடுத்த முன் படத்தோடு அபெக்ஸ் எடுக்கும் பின் படத்தை ஒப்பிட்டால் எந்தக் கல் நகர்ந்தது, தள்ளாட்டம் எப்படி மாறியது என்று தெரியும். எடையும் அப்போதுதான் துல்லியமாகக் கிடைக்கும்: பாறையின் ஈர்ப்பு கலத்தை எவ்வளவு இழுக்கிறது என்பதை கலத்தின் ரேடியோ அலையில் தெரியும் நுண்ணிய மாற்றத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்.

வழக்கமாக வரும் சந்தேகங்கள்

1. கலங்கள் போய் நோண்டி அதைப் பூமிப் பக்கம் திருப்பிவிட்டால்? கலம் ஒன்றிரண்டு டன், பாறை சில கோடி டன். டார்ட் நொடிக்கு 6 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் வேண்டுமென்றே இடித்தது. இவை பக்கத்தில் மெல்ல மிதக்கின்றன.

2. செயற்கைக்கோள்களில் மோதுமா? புவிநிலைச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரு மெல்லிய வளையத்தில் இருக்கின்றன, பாறை சாய்வாகக் கடந்து போகிறது. மோதல் எதிர்பார்க்கப்படவில்லை.

3. கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் இருப்பவர்களுக்கு, வானம் தெளிவாக இருந்தால், சப்தரிஷி மண்டலத்தின் மங்கலான நட்சத்திரம் அளவுக்கு ஒரு புள்ளி நகர்ந்து போவது தெரியும். மிக நெருங்கும் நேரம் உலகப் பொது நேரப்படி இரவு 9.46 வாக்கில்.

4. அபெக்ஸ் கல்லை அள்ளி வருமா? வராது, பெட்டி ஏற்கெனவே பூமியில். பதிலுக்கு இன்னொன்று செய்யும். வேலை முடியும் தறுவாயில் தரைக்குச் சில மீட்டர் மேலே இறங்கி உந்துபொறிகளைப் பாறையைப் பார்த்து இயக்கும். தூசும் கல்லும் கிளம்பும், அடியில் இருப்பது தெரியும். பென்னுவில் தப்பித்துக் கிளம்பும் அவசரத்தில் இதே உந்துபொறிகள் தற்செயலாக ஒரு பெரிய பள்ளத்தைத் தோண்டின, இம்முறை அதை வேண்டுமென்றே தோண்டுகிறார்கள்.